எண் மட்டும் போதுமா?

கூட்டுறவுச் சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதன்முதலாகக் கிடைப்பது ஓர் எண். அதற்கு அங்கத்தினர் எண் என்று பெயர். அவர் கடன் வாங்கினால் அக்கடனுக்கு ஓர் எண். பங்குத் தொகை செலுத்தினால் ரசீதுக்கு ஓர் எண். நூல் வாங்கிச் சென்றால் வழங்கல் சீட்டுக்கு ஓர் எண். மஞ்சளையோ பருத்தியையோ விற்பனைச் சங்கத்திற்குக் கொண்டுவந்தால் அக்குவியலுக்கு ஓர் எண். ஏதேனும் குறை நேர்ந்து மனுக் கொடுத்தால் அம்மனுவுக்கும் ஓர் எண். ஒரே ஊரில் முருகன் என்ற பெயருடையோர் பத்துப் பேர் இருக்கலாம். பெயரால் நேரும் மயக்கத்தைப் போக்கவே நம் முன்னோர் எண்ணை ஏற்படுத்தினர். ஆனால் பெயரினால் வந்த அதே மயக்கம் எண்ணினாலும் வரக்கூடும் என்பதை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

யான் இதை நினைத்துப் பார்க்க நேர்ந்தது என்னுடைய தவறு ஒன்றினால்தான். அதை முதலில் கூறிவிடுவது முறை.

ஒரு சிறு சம்பவம்

நெசவாளர் சங்கம் ஒன்றில் தணிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். குறைப் பதிவேட்டில் ஒரு மனு நெடுநாளாகத் தீராமல் இருந்தது. கூலியிலிருந்து பிடித்த சேமிப்புத் தொகை தம்முடைய பாஸ் புத்தகத்தில் வரவு வைக்கப்படவில்லை என்று ஓர் அங்கத்தினர் கொடுத்த மனு அது. அதன் எண் 417. நான் என் குறிப்பில், "417: விரைவில் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்கவும்" என்று எழுதிக் கையொப்பமிட்டு வந்துவிட்டேன். எழுதும்போது என் முன்னே இருந்தது குறைப் பதிவேடு. ஆகவே 417 என்றால் எந்த 417 என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

என் குறிப்பைப் படித்த எழுத்தர் முன்னே இருந்ததோ கணினி. அவர் தேடும் கட்டத்தில் 417 என்று தட்டினார். வெறும் எண்ணைக் கொடுத்தால் அதைக் கடன் கணக்கு எண்ணாகக் கொள்ளும்படி அந்த மென்பொருளில் ஏற்பாடு செய்திருந்தனர். உடனே 417ஆம் கடன் கணக்குத் திரையில் தோன்றியது. அது வேறோர் அங்கத்தினர் வாங்கி, ஒழுங்காகச் செலுத்தி முடித்த கடன். எழுத்தர், "பாக்கி இல்லை, முடிந்தது" என்று பதில் எழுதினார். அப்பதில் குறைப் பதிவேட்டிலும் ஏறியது. நானும் அடுத்த முறை அதைப் பார்த்துத் திருப்தி அடைந்தேன்.

ஏழு மாதம் கழிந்தது. அந்த நெசவாளர் பாஸ் புத்தகத்தைத் துணிப் பையில் சுற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். "ஐயா, என் காரியம் முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் முடியவில்லையே" என்றார். தொகை பெரிதன்று. அடுத்த பஞ்சாயத்தார் கூட்டத்திலேயே அது வரவு வைக்கப்பட்டது. ஆனால் அந்த ஏழு மாதமும் அவர் பொதுச்சபைக்கு வரவில்லை. தம் கூலியைப் பிடித்துக்கொண்டு பதிலும் பொய்யாக எழுதும் இடம் என்று சங்கத்தை எண்ணியிருந்தார். அவ்வாறு எண்ணியதில் அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு நாவெழவில்லை. எழுத்தர் பொய் சொல்லவில்லை. கணினியும் பிழை செய்யவில்லை. நானும் சரியான எண்ணைத்தான் எழுதினேன். மூன்று பேரும் சரியாகச் செய்த காரியம் எப்படித் தவறாக முடிந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இது நம் சங்கங்களுக்கு மட்டுமான தொல்லையா?

அன்று. மென்பொருள் எழுதுவோரிடையே இது பழகிப்போன தொல்லை. அவர்களும் குறைப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். மென்பொருளில் பிழை கண்டவர் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை 'டிக்கெட்' என்பர். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வரிசையாக ஓர் எண் கொடுக்கப்படும். நமது பதிவேட்டில் நூற்றுக்கணக்கில் மனுக்கள் இருந்தால் அவர்களுடையதில் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே தேடும் வசதி இன்றி அவர்களால் ஒரு நாளும் வேலை செய்ய முடியாது. தேடுபவர் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதத்திலோ, ஒரு கடிதத்திலோ, பழைய குறிப்பிலோ கண்ட எண்ணைத்தான் தட்டுகிறார். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒருவர் 2019 என்று தட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவர் வேண்டுவது 2019ஆம் டிக்கெட்டா, 2019ஆம் ஆண்டைக் குறிப்பிடும் டிக்கெட்டுகளா, அல்லது 2019 ரூபாய் என்ற தொகை எழுதப்பட்ட டிக்கெட்டா? எண்ணைப் பார்த்து இதைச் சொல்ல இயலாது. அது எங்கே எழுதப்பட்டது என்பதைப் பார்த்தே சொல்ல இயலும். ஆனால் எழுதப்பட்ட இடத்தை விட்டு எண் மட்டும் பிரிந்து வந்துவிடுகிறது. தபாலில் வந்த கடிதத்தின் உறை கிழிந்து, உள்ளிருக்கும் தாள் மட்டும் கைக்குக் கிடைத்தது போன்ற நிலை இது.

இதற்கு மென்பொருளாளர் பலவகை வழிகளைக் கண்டிருக்கின்றனர். 1998இல் மொஸில்லாவில் தோன்றிய பக்ஸில்லா என்னும் குறைப் பதிவேட்டில் விரைவுத் தேடல் கட்டம் ஒன்று உண்டு. அதில் வெறும் எண்ணை இட்டால் நேரே அந்த எண்ணுள்ள குறையையே திறந்துவிடும். அவசரக்காரருக்கு இது பெரும் உதவி. டிராக் என்னும் பதிவேட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறி வகுத்துள்ளனர். எண்ணுக்கு முன் # என்ற குறி இருந்தால் அது டிக்கெட். சதுர அடைப்புக்குள் எண் இருந்தால் அது திருத்தம். வளைந்த அடைப்புக்குள் இருந்தால் அது அறிக்கை. குறியோடு தேடினால் நேரே அப்பொருளுக்குப் போய்விடலாம். அவ்வாறு போகாமல், அந்த எழுத்துகள் வரும் இடங்களையே தேடவேண்டுமாயின் முன்னால் ஓர் ஆச்சரியக் குறியை இடவேண்டும். தேடுபவரின் கருத்து இன்னதென்று தேடுபவரே தெரிவிக்க இங்கே வழி இருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

2008இல் தொடங்கிய கிட்ஹப் என்னும் தளம் வேறு வழியைப் பின்பற்றியது. அங்கே ஒரு திட்டத்தில் குறைகளுக்கும், திருத்தம் சேர்க்க வேண்டும் விண்ணப்பங்களுக்கும் ஒரே எண் வரிசைதான். 417 என்பது குறையாக இருந்தால் அதே எண்ணில் விண்ணப்பம் இராது. கிட்லேப் என்னும் தளத்திலோ இரண்டுக்கும் தனித்தனி வரிசை. ஆகவே 417ஆம் குறையும் இருக்கும். 417ஆம் விண்ணப்பமும் இருக்கும். ஒன்றுக்கு # குறியும் மற்றொன்றுக்கு ! குறியும் கொடுத்து வேறுபடுத்துகின்றனர். 2002இல் வெளிவந்த ஜிராவிலோ ஒவ்வொரு திட்டத்துக்கும் சில எழுத்துகளாலான ஒரு சுருக்கப் பெயர் உண்டு. அப்பெயர், ஒரு சிறு கோடு, எண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் டிக்கெட்டின் முழுப் பெயராகும். ஒரு டிக்கெட்டை வேறு திட்டத்துக்கு மாற்றினால் அதன் பெயரும் மாறும். ஆனால் பழைய பெயரைக் கொண்டு தேடி வருபவரை அது புதிய இடத்துக்கே அழைத்துச் செல்லும்.

இம்மூன்றில் எது சிறந்தது என்று வாதிப்பதில் பயனில்லை. எந்த முறையானாலும், வெறும் எண் முழுப் பெயரன்று என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாம் கற்க வேண்டியது அதுவே.

பைதான் மொழியார் பட்ட பாடு

இடம் மாறும்போது எண்ணுக்கு என்ன நேரும் என்பதற்குப் பைதான் என்னும் கணினி மொழியின் வரலாறு தக்க சான்று. 1991இல் கைடோ வான் ரோசம் என்பவர் வெளியிட்ட இம்மொழியை இன்று உலகெங்கும் உள்ள பலர், பெரும்பாலும் ஊதியம் கருதாத தொண்டர்கள், கூடிப் பேணி வருகின்றனர். அவ்வகையில் அவர்களும் நம் இனத்தாரே எனலாம்.

அவர்களுடைய குறைப் பதிவேடு நெடுநாள் தனி இடத்தில் இருந்தது. அதில் உள்ள எண்ணை # குறியோடு எழுதுவதே அவர்கள் வழக்கம். 2017 பிப்ரவரியில் மொழியின் மூலப் பிரதியைக் கிட்ஹப் தளத்துக்குக் கொண்டு சென்றனர். குறைப் பதிவேடு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. கிட்ஹப் தளமோ # குறியோடு எந்த எண்ணைக் கண்டாலும் அதைத் தன்னிடமுள்ள விண்ணப்ப எண் என்றே கொண்டு இணைப்பு இட்டுவிடும். ஆக, ஒரே குறியும் ஒரே எண்ணும் இருவேறு பதிவேடுகளைச் சுட்டும் நிலை ஏற்பட்டது. படிப்பவர் ஒன்றை நாடிப் போனால் மற்றொன்றில் போய் நிற்க நேரும்.

அவர்கள் செய்த பரிகாரம் எளியது. பழைய பதிவேட்டின் குறைகளுக்கெல்லாம் 'பி.பி.ஓ.' என்ற மூன்றெழுத்தை முன்னொட்டாக வைத்தனர். திருத்த விண்ணப்பம் எழுதுவோர் அந்த முன்னொட்டோடு எண்ணைத் தலைப்பிலேயே எழுத வேண்டும் என்று வழக்கப்படுத்தினர். பிறகு 2022 ஏப்ரலில் குறைப் பதிவேடும் கிட்ஹப் தளத்துக்கே மாறியது. ஒவ்வொரு பழைய குறையும் புது எண் பெற்றது. அப்போது புது எண்களுக்கு 'ஜி.எச்.' என்ற முன்னொட்டு வந்தது. பழைய எண்ணைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மாற்றப்பட்ட ஒவ்வொரு குறையின் தலையிலும் அதன் பழைய எண்ணைக் குறித்து வைத்தனர். பழைய பதிவேட்டையும் புதிதாக எழுத முடியாதபடி பூட்டி, படிப்பதற்கு மட்டும் திறந்து வைத்து, அங்கிருந்து புதிய இடத்துக்கு வழியும் காட்டியிருக்கின்றனர்.

நம் சங்கங்களுக்கு இது மிகவும் வேண்டிய பாடம். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏட்டுக் கணக்கு கணினிக் கணக்காக மாறுகையில் புது எண் வருதல் இயல்பு. அங்கத்தினர் கையிலிருக்கும் ரசீதும் பாஸ் புத்தகமும் பழைய எண்ணைத்தான் தாங்கியிருக்கும். பழைய எண்ணை இட்டால் ஒன்றும் அகப்படாமற் போவது ஒரு குறை. பழைய எண்ணை இட்டதும், புது வரிசையில் அதே எண்ணுடைய வேறொருவர் கணக்குத் தோன்றுவது அதனினும் பெருங்குறை. முன்னதில் தேடுபவர் விழித்துக்கொள்வார், பின்னதில் விழிக்கமாட்டார்.

தெரியாததைத் தெரியாது என்னும் துணிவு

நிற்க. மயக்கம் நேரும்போது தேடும் கருவி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட் என்னும் மென்பொருள், திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 40 எழுத்தளவுள்ள அடையாளத்தைக் கொடுக்கிறது. 40 எழுத்தையும் எவரும் எழுதுவதில்லை. முதல் சில எழுத்துகளை எழுதுவதே வழக்கம். திட்டம் சிறிதாக இருக்கும்வரை அது போதும். திட்டம் பெருகப் பெருக, அதே தொடக்க எழுத்துகள் இரண்டு மூன்று பொருள்களுக்கு அமைந்துவிடும். அப்போது கிட் என்ன செய்கிறது? அவற்றுள் ஒன்றைத் தானாக எடுத்துக் கொடுப்பதில்லை. "இக்குறிப்பு ஐயத்துக்கிடமானது" என்று சொல்லி நின்றுவிடுகிறது. 2016இல் வந்த பதிப்பு முதல், அத்தொடக்கத்தையுடைய பொருள்களையெல்லாம் வரிசையாகக் காட்டி, இன்னது திருத்தம், இன்னது கோப்பு என வகையையும், திருத்தமாயின் அதன் தேதியையும் தலைப்பையும் எடுத்துரைக்கிறது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கேட்டவரிடமே ஒப்படைக்கிறது.

அம்மென்பொருளைக் கொண்டே பேணப்படும் லினக்ஸ் கருவை எழுதுவோர் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கின்றனர். பழைய திருத்தம் ஒன்றைச் சுட்டும்போது அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளையாவது எழுதவேண்டும். அதனோடு அத்திருத்தத்தின் ஒருவரித் தலைப்பையும் எழுதவேண்டும் என்பது அவர்கள் விதி. எண் பிழைத்தாலும் தலைப்பு காட்டிக்கொடுக்கும். தலைப்பு இரண்டு இடங்களில் ஒன்றாக இருந்தாலும் எண் பிரித்துக் காட்டும். ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கும். நம் பத்திரங்களில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, அதே அறிவுதான் இது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் எண் செல்லாது என்று கணக்கிட்டே கண்டுவிடலாம். இது கைப்பிழையைத் தடுக்கும். ஆனால் என் குறிப்பில் கைப்பிழை இல்லை. 417 என்பதைச் சரியாகத்தான் எழுதினேன், சரியாகத்தான் தட்டினார்கள். ஆகவே எத்தனை சரிபார்ப்பு இலக்கம் வைத்தாலும் அத்தவறு தப்பியிராது. பிழையான எண் வேறு. பொருள் இரண்டான எண் வேறு. இரண்டுக்கும் மருந்து வேறு.

நாம் செய்யத்தக்கவை

மேலே கண்டவற்றிலிருந்து சங்க நிர்வாகிகளும், எழுத்தர்களும், அங்கத்தினர்களும் கைக்கொள்ளத்தக்க சில விதிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, எழுதும்போதே எண்ணின் வகையையும் ஆண்டையும் சேர்த்து எழுதவேண்டும். "417" என்று எழுதாமல் "குறை 417/2023" என்று எழுதினால் ஒரு சொல்லும் ஓராண்டும்தான் கூடும். ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றிலிருந்து தொடங்கும் குவியல் எண்களுக்கு ஆண்டைக் குறிப்பிடுவது இன்றியமையாதது. சென்ற ஆண்டின் 36ஆம் குவியலுக்குரிய எடைக் குறைவை இவ்வாண்டின் 36ஆம் குவியலில் தேடினால் விவசாயிக்கு நியாயம் கிடைப்பது எங்ஙனம்?

இரண்டாவது, எண்ணோடு பொருளையும் ஒரு வரியில் எழுதவேண்டும். "குறை 417/2023, சேமிப்புத் தொகை வரவு வைக்கப்படாமை" என்று நான் எழுதியிருந்தால், கடன் கணக்குத் திரையில் தோன்றியதும் எழுத்தர் அங்கேயே நின்றிருப்பார்.

மூன்றாவது, தேடும் மென்பொருளை அமைப்போரிடம் சங்கங்கள் கேட்டுப் பெறவேண்டியது இது: வெறும் எண்ணை இட்டால் அந்த எண்ணுடைய அங்கத்தினர், கடன், ரசீது, குறை ஆகிய யாவும் வகையோடும் பெயரோடும் தேதியோடும் வரிசையாகத் தோன்றவேண்டும். எண் முழுதும் பொருந்துபவை மேலே நிற்கவேண்டும். 4170, 1417 என்று எண்ணின் ஒரு பகுதி மட்டும் பொருந்துபவையும், விவரத்தினுள்ளே அவ்வெண் வருபவையும் கீழே தனியே நிற்கவேண்டும். ஒரே ஒரு பொருள்தான் உண்டென்றால் நேரே திறக்கலாம். அப்போதும் இன்ன வகையாகக் கொண்டு திறந்தேன் என்று மேலே எழுதிக் காட்டவேண்டும்.

நான்காவது, பார்ப்பதற்கும் முடிப்பதற்கும் வேறுபாடு வேண்டும். பார்ப்பதற்காக ஒன்றைத் திறந்ததில் ஊகம் பிசகினால் மூடிவிட்டு மறுபடி தேடலாம். ஆனால் ஒரு மனுவை "முடிந்தது" என்று எழுதும்போது ஊகத்துக்கு இடமில்லை. மனுதாரர் பெயரையும் குறையின் தலைப்பையும் திரையில் படித்து ஒப்புநோக்கிய பின்னரே அச்சொல்லை எழுதவேண்டும்.

ஐந்தாவது, ஒருமுறை கொடுத்த எண்ணை மறுமுறை வேறொன்றுக்குக் கொடுக்கலாகாது. எண் மாறவேண்டிய கட்டாயம் வந்தால் பழைய எண்ணும் தேடினால் அகப்படும்படி பாதுகாக்கவேண்டும். பழைய பதிவேடுகளைக் கட்டிப் பரண்மேல் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடவேண்டும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனுக் கொடுத்தால் எண்ணை மட்டும் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போகாதீர்கள். எந்தப் பதிவேட்டின் எண், எந்தத் தேதி, என்ன குறை என்ற மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். "முடிந்தது" என்று பதில் வந்தால், எது முடிந்தது என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது அவமரியாதையன்று. சங்கத்தின் உடைமையாளர் தம் கணக்கைக் கேட்பதேயாகும்.

இப்போது என் தணிக்கைக் குறிப்புகளில் வெறும் எண் வருவதில்லை. எழுதி முடித்ததும், இந்தத் தாள் மட்டும் கைக்குக் கிடைத்த ஒருவருக்கு இது விளங்குமா என்று ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை நான் மிச்சம் பிடித்ததனால் ஒரு நெசவாளர் ஏழு மாதம் காத்திருந்தார். பதிவேட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு தறியோ, ஒரு வயலோ, ஒரு குடும்பமோ இருக்கிறது. எண்ணை எழுதும்போது அதையும் அடையாளம் தெரியும்படி எழுதுவது நம் கடமை.